கருவாட்டு வெப்பம்

தண்ணீர்க் குழியில் பட்டை விழவில்லை என்றால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடும். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். மாதிரி எதையும் சேர்க்காமல் வெறும் தண்ணீரை வைத்து ஓட்டுகிற குழாய் சுத்தமாக வந்தால் நம் கை சுத்தம், நம் மேசை சுத்தம் என்று அர்த்தம். அதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சையிலும் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதி மார்க் வாங்கியவள்தான். இருந்தாலும் ஒரு மனிதர் சிறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்கள் ஆய்வகத்துக்கு அது உறைத்தது.

தூத்துக்குடியில் எங்களிடம் வருவதெல்லாம் கடல் சரக்குதான். ஏற்றுமதிக்குப் போகிற மீன் பெட்டியின் மேல் எழுதிய மீன்தானா, இறால் குஞ்சுக்கு நோய் உண்டா என்று பார்ப்போம். இடையிடையே, கடத்தலில் பிடிபட்ட கடல் அட்டையும் வரும். அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் பெரிய குற்றம், ஜாமீன் எளிதில் கிடைக்காது. அட்டை முழுசாக இருந்தால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். வேகவைத்து, நறுக்கி, காயப்போட்டுப் பொட்டலம் கட்டிவிட்டால் டி.என்.ஏ.தான் பேச வேண்டும். அதற்கென்று கடல் அட்டைக்கான ஒரு ஜோடி பிரைமர் வைத்திருந்தோம். பிரைமர் டி.என்.ஏ.யில் தனக்குப் பொருந்துகிற எழுத்துகளைத் தேடிப்போய் ஒட்டும். ஒட்டிய இடத்திலிருந்து மெஷின் கோடிக்கணக்கில் பிரதி எடுக்கும். அந்தப் பிரதிகளை ஜெல் என்கிற கூழ்த் தகட்டின் குழிகளில் விட்டு ஓட்டினால் பட்டையாகத் தெரியும், ஒரே நீளப் பிரதிகள் ஒரே மட்டத்தில் நிற்கும். எங்கே போய் ஒட்டியது என்று பட்டை சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

உப்பும் வெயிலும் பட்ட சரக்கில் டி.என்.ஏ. நொறுங்கிப் போயிருக்கும். பட்டை மங்கலாக வரும், சில நேரம் வரவே வராது. எனக்கு முன்னால் அங்கே இருந்த யாரோ ஒருவர், பிரைமர் ஒட்டுகிற வெப்பநிலையை ஐந்து டிகிரி குறைத்துப் பார்த்திருக்கிறார். பட்டை பளிச்சென்று வந்திருக்கிறது. அன்று முதல் காய்ந்த சரக்கு எது வந்தாலும் ஐந்து டிகிரி குறைவு. அதற்குக் 'கருவாட்டு வெப்பம்' என்று பெயரே வைத்துவிட்டோம். பனியன் தைக்கிற ஊரில் இப்படி ஒரு வழக்கம் பிறந்திருக்காது. எங்கள் ஊரில் பிறந்தது, நன்றாகவும் வளர்ந்தது. வெப்பத்தைக் குறைத்தால் பிரைமருக்குக் கண்டிப்பு போய்விடும், முக்கால்வாசி பொருந்தினாலே போதும் என்று கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டால், "இதுவரைக்கும் தப்பு வந்ததில்லையே" என்பார்கள். இதுவரைக்கும் தப்பைத் தேடிப் பார்த்ததில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

சாகுல் என்பவர் காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் வேலை பார்த்தவர். லீவு முடிந்து திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறப் போகும்போது வழியில் அவர் போன காரைச் சோதனை போட்டார்கள். பெட்டிக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. கறுத்துக் காய்ந்து ரப்பர் போல விறைத்த துண்டுகள். கடல் அட்டை என்று சந்தேகப்பட்டு அவரைக் கைது செய்தார்கள். குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அவர் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஜாமீன் மனு போட்டார்கள். ஆய்வகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றது நீதிமன்றம். ஆக, அந்த மனிதருடைய பிழைப்பு ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

சோதனையைச் செய்தவள் பெனிட்டா. கடலோர மாதா கோயில் பங்கில் பிறந்து வளர்ந்த பெண், என்னைவிட இளையவள். அவ்வளவு நேர்த்தியான கை எங்கள் ஆய்வகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. வாயும் அப்படித்தான். அவள் வழக்கம்போலக் கருவாட்டு வெப்பத்தில் ஓட்டினாள். ஒப்பிடுவதற்கென்று நாங்கள் காயவைத்து வைத்திருந்த அசல் கடல் அட்டைக்குப் பட்டை வந்தது, தண்ணீருக்கு வரவில்லை, பொட்டலத்துத் துண்டுக்கு வந்தது. வேறொரு வேலையாக வந்திருந்த வனத்துறை ரேஞ்சர் அங்கேயே நின்று திரையைப் பார்த்தார்.

"பட்டை வந்துட்டுல்லா? அப்புறம் என்ன மேடம், கையெழுத்தப் போட்டுக் குடுத்திருங்க. நாளைக்கு மனு வருது," என்றார் என்னிடம்.

"சார் பாக்கணும்," என்றேன்.

சார் என்று நான் சொன்னது எங்கள் தலைவரை. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிட வயதில் நன்றாக இளையவர். ஓட்டப்பிடாரம் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர், கருவாட்டு வாசம் பட்டாலே மூக்கைச் சுளிப்பார். "மீனு திங்காதவர மீனுக்குத் தலைவராப் போட்டுருக்காவ" என்று பெனிட்டா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் மெதுவாகப் பேசுவார். அந்த மெதுவே எனக்குப் பல நாள் எரிச்சலைக் கிளப்பியிருக்கிறது.

அவர் திரையருகே குனிந்து பார்த்தார். "ரெண்டு பட்டையும் ஒரே மட்டத்துலயா இருக்கு?"

"ஓரக் குழி சார். ஓரத்துல ஜெல் கொஞ்சம் வளைஞ்சுதான் ஓடும்," என்றாள் பெனிட்டா. அது உண்மைதான், ஓரத்தில் அப்படித்தான் ஓடும்.

"அப்ப நடுக்குழில ஓட்டுங்க. பக்கத்துலயே அசல் அட்டைய வைங்க. மெதுவா, நீளமா ஓடட்டும்."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் பெனிட்டாவைப் பார்த்தேன். அவள் முகத்தில், இவருக்கு வேறு வேலை இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் ஓட்டினாள். நடுக்குழியிலும் அந்த இரண்டு பட்டையும் ஒரே மட்டத்துக்கு வரவில்லை. வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் இருந்தது.

அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "பிடிபட்டவரு இத என்னன்னு சொல்லுதாரு?"

எங்களில் யாருக்கும் தெரியாது. வழக்குச் சரக்கோடு வருகிற தாள்களில் பிடிபட்டவர் சொன்னதும் இருக்கும். அதை நாங்கள் படிக்கமாட்டோம். முன்கூட்டியே எதையாவது தெரிந்துகொண்டால் கண் அதையே தேடும் என்று ஏற்பட்ட வழக்கம். நல்ல வழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதை அவரிடமும் சொன்னேன்.

"படிக்கிறதில்ல சார். மனசு சாஞ்சிரும்."

"சாயக் கூடாது, சரிதான். ஆனா அவரு சொன்னது பொய்யா நெசமான்னு பாக்கணும்னா, என்ன சொன்னாருன்னு தெரிய வேண்டாமா மேடம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த முறையை, நேற்று வந்தவர் ஒரே வரியில் தூக்கி எறிவதா என்ற கோபம். ஆனாலும் தாளை எடுத்துப் படித்தேன். அறையில் கூடத் தங்கியிருக்கும் கூட்டாளிக்கு அவன் வீட்டார் கொடுத்துவிட்டது, சங்குச் சதை, என்றிருந்தது.

பெனிட்டா தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "எங்க வீட்ல நேத்து அதான் சார் கொழம்பு," என்றாள்.

சங்கு குளிக்கிறவர்கள் கொண்டுவருகிற சங்கில் ஓடுதான் வியாபாரத்துக்குப் போகும். உள்ளே இருக்கிற சதையை அவித்து, நறுக்கி, உப்புப் போட்டுக் காயவைத்துக் கடலோர வீடுகளில் வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி நாசரேத்தில் பிறந்த நானே அதை வாயில் வைத்ததில்லை. பெனிட்டா தின்று வளர்ந்தவள். ஆனால் கையுறை மாட்டி, இடுக்கியால் எடுத்து, குழாயில் போட்டபோது அந்தத் துண்டு அவளுக்கு வழக்குச் சரக்காகத்தான் தெரிந்தது, சாப்பாடாகத் தெரியவில்லை. இதைச் சொல்லி அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். நான் அவளைத் திட்டவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டியதும் வீட்டைக் கழற்றி வைத்துவிடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

எங்கள் பிரைமரை எத்தனையோ மீனோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். சங்கோடு பார்க்கவில்லை. சங்குச் சதையை யாராவது காயவைத்துப் பெட்டியில் வைத்து விமானம் ஏறுவார்கள் என்று பிரைமரை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றியிருக்க வழியில்லை. எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நாளைக்கு வீட்லருந்து கொஞ்சம் கொண்டாரேன் சார், அத வச்சு ஓட்டிருவோம்," என்றாள் பெனிட்டா.

"அது சங்குதான்னு யாரு சாட்சி?"

"எங்கம்மா."

"அம்மா கோர்ட்டுக்கு வந்து சொல்லுவாங்களா?"

"கூப்புட்டா ஏன் வரமாட்டாவ? வந்தா கூண்ட விட்டு லேசுல எறங்கமாட்டாவ."

அவர் சிரித்துவிட்டார். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. நறுக்கிக் காய்ந்த பிறகு எது எது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஓட்டோடு இருக்கிற சங்கு வேண்டும். ஓட்டைப் பார்த்து இன்னது என்று எழுதி, படம் எடுத்து, நம் கண் முன்னால் சதையை எடுக்க வேண்டும் என்றார்.

மறுநாள் மனு வந்தபோது எங்கள் கையில் ரிப்போர்ட் இல்லை. சோதனை முடியவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம் என்றார் தலைவர். நான் மறுத்தேன். எனக்கு அப்போது பயமே வந்துவிட்டது. முடியவில்லை என்று மட்டும் எழுதினால் தள்ளிப்போடுவார்கள், அவர் உள்ளேயே இருப்பார், தேதி ஓடும்.

"சார், நாம தப்பாச் சொன்னாலும் அவருக்கு ஜெயிலு, சரியாச் சொல்லக் காத்திருந்தாலும் ஜெயிலு," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

 "ரெண்டாவது ஜெயிலுக்கு வாசல் இருக்கு மேடம்," என்றார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "நீங்களே எழுதுங்க," என்றார்.

முதலில் வந்த பட்டை பிரைமர் தவறான இடத்தில் ஒட்டியதால் வந்திருக்கலாம், இதுவரை செய்ததை வைத்து இது கடல் அட்டை என்று எங்களால் சொல்ல முடியாது என்று எழுதினேன். ஆய்வகம் தன் சந்தேகத்தைத் தானே எழுதிக் கொடுப்பது அங்கே அதற்கு முன் நடந்ததில்லை. அவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் முழு முடிவு வரட்டும் என்று மனுவைத் தள்ளிவைத்தார்கள். சரியாகச் செய்ய நாம் எடுத்துக்கொள்கிற நேரமும் வேறொருவர் கணக்கில்தான் கழிகிறது. அதனால் சோம்பி உட்காராதீர்கள், அதற்காக அவசரப்படவும் செய்யாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்வது கஷ்டம்தான். அதற்குத்தான் சம்பளம்.

ரேஞ்சர் போனில் சத்தம் போட்டார். "மேடம், அவனுவ சங்குச் சதைக்கு நடுவுல அட்டைய ஒளிச்சு வச்சுக் கடத்துதானுவ. நான் எத்தன தடவ புடிச்சிருக்கேன். ஒரு துண்டப் பாத்துட்டு நீங்க பாட்டுக்கு நல்லவம்பீங்க."

அவர் சொன்னது நியாயம். கோபத்தில் பேசுகிறவர் சொல்வதிலும் சோதனைக்கு வேண்டியது இருக்கும், காதை மூடிக்கொள்ளக் கூடாது. பொட்டலத்தின் மேலே, நடுவே, அடியிலே என்று வெவ்வேறு நிறத் துண்டுகளாகப் பார்த்து எடுத்தோம்.

பெனிட்டாவும் நானும் சங்குக்காரர்கள் வள்ளம் வந்து சேரும் இடத்துக்குப் போனோம். ஓட்டோடு சங்கு வாங்கி வந்து, படம் எடுத்து, சதையை இழுத்து, அவித்து, நறுக்கி, ஆய்வகத்து அடுப்புப் பெட்டியில் காயவைத்தோம். மாடி வரைக்கும் வாசம். தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாளெல்லாம் நடமாடினார்.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினோம். கருவாட்டு வெப்பத்தில், நாங்கள் காயவைத்த சங்குச் சதைக்குப் பளிச்சென்று பட்டை வந்தது. பொட்டலத்துத் துண்டுகளின் பட்டை இருந்த அதே மட்டத்தில் வந்தது. பெனிட்டா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நம்ம பிரைமரு சங்குல போயில்லா ஒட்டியிருக்கு," என்றாள். குறைக்காத வெப்பத்தில் ஓட்டியபோது சங்குக்குப் பட்டை இல்லை, பொட்டலத்துக்கும் இல்லை. அசல் கடல் அட்டைக்கு மட்டும் மங்கலாக ஒன்று வந்தது. அந்த மங்கலைக் கண்டு பயந்துதான் வெப்பத்தைக் குறைக்கிற வழக்கமே வந்திருக்கிறது. மங்கலாக வந்தாலும் அது உண்மையான பட்டை.

எனக்கு அப்போதே ரிப்போர்ட் எழுதிவிட வேண்டும் போலிருந்தது. தலைவர் விடவில்லை.

"வரலைங்கிறது பதில் இல்ல மேடம். துண்டுல டி.என்.ஏ. செத்துப் போயிருந்தாலும் வராது. அட்டை இல்லன்னு சொல்லிட்டோம், அப்ப என்னதுன்னு கேட்டா?"

சரி என்று எந்த உயிருக்கும் ஒட்டுகிற பொதுப் பிரைமரை வைத்துப் பிரதி எடுத்து, எழுத்துகளைப் படித்துச் சொல்ல வெளியூருக்கு அனுப்பினோம். அந்தக் காத்திருப்பை நான் மறக்கவில்லை. பெனிட்டா வந்ததும் போனதும் என் மேசையைத்தான் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன். முடிவு வந்தது. எல்லாத் துண்டும் சங்கு. மேலே எடுத்தது, நடுவே எடுத்தது, அடியில் எடுத்தது, எல்லாம் சங்குதான். அன்றே எழுதிக் கொடுத்தோம். அவரை வெளியே விட்டார்கள், பிறகு வழக்கும் நிற்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். தலைவர் நினைக்கவில்லை. கருவாட்டு வெப்பத்தில் முன்பு செய்த சோதனைகளையெல்லாம் திரும்பச் செய்யச் சொன்னார். மிச்சம் இருந்த சரக்கெல்லாம் அசல் கடல் அட்டையாகவே வந்தது. ஒன்றில் மட்டும் மிச்சமே இல்லை, முழுக்கச் சோதனைக்கே செலவாகியிருந்தது. அந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம் என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். ரேஞ்சர் நேரிலேயே வந்துவிட்டார்.

"சார், அவன் கடத்தல்காரன்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஊரு வந்து சாட்சி சொல்லட்டும். எங்க பிரைமருக்குத் தெரியல," என்றார் தலைவர். ரேஞ்சர் அதற்குப் பிறகு எங்களிடம் ரொம்ப நாள் பேசவில்லை. எனக்கும் அன்று அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

கருவாட்டு வெப்பம் அன்றோடு போயிற்று. காய்ந்த சரக்கு வந்தால் டி.என்.ஏ.யை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்து, கூடுதலாக எடுத்துப் போடுகிறோம். இரண்டு பேர் சோதிக்கிறோம். சோதனையை ஓட்டுகிறவர் பிடிபட்டவர் சொன்னதைப் படிக்கமாட்டார். எந்தெந்த மாதிரியை ஒப்பிட வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் முதல் வேலையாக அதைத்தான் படிப்பார். பிடிபட்டவர் சொல்லுக்கும் ஜெல்லில் ஒரு குழி உண்டு. சொன்னது பொய்யாக இருந்தால் அந்தக் குழியே காட்டிக்கொடுத்துவிடும்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் சாகுல் ஆய்வகத்துக்கு வந்தார். தலைவர் வெளியே போயிருந்தார், நான்தான் இருந்தேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள் என்றேன், கேட்கவில்லை. நல்ல ரிப்போர்ட் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார்.

"வேலை என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அது போச்சு மேடம். தேதி தாண்டிட்டு. வேற ஆளப் போட்டுட்டாஹ."

 தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். தம்ளரை மேசையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? ரோட்ல நிறுத்துனப்பவே சொன்னேன் மேடம், சங்குச் சதைன்னு. எழுதிக்கிட்டாஹ. அந்தத் தாளு ஒங்க கைக்கு வரலையா?"

"வந்துச்சு," என்றேன்.

"பொறவு?"

"மொதல்ல படிக்கல."

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஏதோ வழி விசாரிக்கிறவர் போல, "படிக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும் மேடம்?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போனார்.